பாதர் பிரவுனும் ஒருவரும் காணாத தபால்காரனும்



ஹாரிச் என்ற துறைமுகத்தின் பெயரை எங்கள் மூத்த ஆட்களில் சிலர் இலேசில் மறக்கமாட்டார்கள். 1987ஆம் ஆண்டு பிரித்தானிய உள்நாட்டு அமைச்சு 'ஏர்ள் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலை அங்கே கட்டிவைத்து, அகதி விண்ணப்பம் செய்தவர்களை அதற்குள் தடுத்து வைத்தது. அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். அந்த வருஷம் ஒக்டோபர் 16ஆம் திகதி அடித்த பெரும் புயலில் அந்தக் கப்பல் கட்டறுந்து போனது. புயல்தான் எங்கள் பிள்ளைகளை விடுவித்தது என்று அந்தக் காலத்தில் பகிடியாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அதே ஹாரிச்சில் ஒரு கப்பல் வந்து சேர்வதோடு தொடங்குகிற துப்பறியும் கதை ஒன்று 1910ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுதியவர் ஜி. கே. செஸ்டர்டன். கதையின் பெயர் 'நீலச் சிலுவை'. பாரிஸ் நகரத்துப் பொலிஸ் தலைவர் வலன்ரீன், பிளம்போ என்ற பெரிய திருடனைத் தேடிக்கொண்டு கப்பலால் இறங்குகிறார். லண்டன் போகும் ரயிலிலே ஒரு குள்ளமான கத்தோலிக்கப் பாதிரியார் ஏறுகிறார். வட்ட முகம், கையிலே நிற்காமல் அடிக்கடி விழுகிற குடை, மண்ணிறத் தாளில் சுற்றிய பார்சல்கள். பார்சல் ஒன்றில் நீலக்கல் பதித்த வெள்ளிச் சாமான் இருக்கிறது, கவனமாகக் கொண்டுபோக வேண்டும் என்று பெட்டியில் இருக்கிற எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வருகிறார். இந்த அப்பாவி எப்படித்தான் லண்டனில் பிழைக்கப்போகிறாரோ என்று வலன்ரீன் நினைக்கிறார். அந்த அப்பாவிதான் பாதர் பிரவுன். கதை முடியும்போது பிடிபடுகிறவன் பிளம்போ, பிடித்துக் கொடுத்தவர் பாதிரியார், வெட்கப்பட்டுத் தொப்பியைக் கழற்றுகிறவர் பொலிஸ் தலைவர்.

எங்கள் வானொலியின் மாதாந்தப் பேச்சில் இந்த எழுத்தாளரைப் பற்றி நான் சொன்னவற்றைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நேரம் காணாமல் அன்று விட்டுப்போனவையும் இதில் உண்டு.

'நீலச் சிலுவை'யில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒரு கணக்குத் தில்லுமுல்லு. என் தொழில் அப்படி. பிளம்போவும் பாதிரியார் வேஷத்தில் கூட வருகிறான். இவன் உண்மையான பாதிரியார்தானா என்று அறிய பாதர் பிரவுன் சோதனைகள் வைக்கிறார். சாப்பாட்டுக்கடையில் சீனிப் பாத்திரத்தில் உப்பும் உப்புப் பாத்திரத்தில் சீனியும் மாற்றிப் போடுகிறார். கோப்பியிலே உப்பு இருந்தால் எந்த மனிதனும் கடைக்காரனைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவான். இவன் பேசாமல் குடிக்கிறான். பிறகு இன்னொரு கடையில் 4 சிலிங் பில்லை 14 சிலிங் ஆக்கிவிடுகிறார். நாலுக்கு முன்னால் ஒரு கோடு, அவ்வளவுதான். காசோலையிலே தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்வது ஏன் என்று கேட்கும் இளையவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது. பிளம்போ அந்த 14 சிலிங்கையும் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறான். பிழையான பில்லைச் சத்தமில்லாமல் கட்டுகிறவனுக்கு ஒருவர் கண்ணிலும் படாமல் இருக்க ஏதோ காரணம் உண்டு என்பது பாதர் பிரவுனின் தர்க்கம்.

தர்க்கம் சரி. ஆனால் விசா இல்லாத காலத்தில் எங்கள் ஆட்கள் எத்தனை பிழையான பில்லைச் சத்தமில்லாமல் கட்டினார்கள்! வீட்டுக்காரன் கூட்டிக் கேட்ட வாடகை, முதலாளி குறைத்துத் தந்த சம்பளம், எல்லாவற்றையும் வாய் திறக்காமல் பொறுத்தவர்கள் திருடர்கள் அல்லவே. அந்த வகையான பயம் செஸ்டர்டனின் பட்டியலில் இல்லை. இதை ஏன் இப்போதே சொல்லிவைக்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

செஸ்டர்டன் 1874ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி லண்டன் கென்சிங்டனில் பிறந்தவர். தகப்பன் வீடு நில முகவர் தொழில் பார்த்த குடும்பம். சென் போல்ஸ் பாடசாலையில் படித்து, பிறகு ஸ்லேட் ஓவியக் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் எடுக்காமலே வெளியேறி, பத்திரிகைக்காரர் ஆனார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற பருமன், தோளிலே போர்வைக் கோட், கையிலே வாள் மறைத்த தடி. ஞாபகமறதியும் பெரிது. பேசப் போகிற வழியில் ஒரு ஊரில் நின்றுகொண்டு, நான் இப்போது எங்கே இருக்கவேண்டும் என்று மனைவி பிரான்சிஸுக்குத் தந்தி அடித்த கதையை அவரே தன் சுயசரிதையில் சொல்லிச் சிரிக்கிறார்.

அந்தக் காலத்தில் துப்பறியும் கதை என்றால் படித்தவர்கள் முகம் சுழிப்பார்கள். எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். பாடப் புத்தகத்துக்குள் துப்பறியும் நாவலை ஒளித்து வாசித்துப் பிடிபட்டு அடிவாங்காத தலைமுறை எது? 1901இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பில் செஸ்டர்டன் இந்த வகைக் கதைகளுக்காக வழக்காடினார். மலையையும் ஆற்றையும் பாடுவதற்குக் கவிஞர்கள் இருக்கிறார்கள். தெருவிளக்கு, புகைபோக்கி, வீட்டு இலக்கம் இவற்றுக்குள் இருக்கிற மர்மத்தைச் சொல்லுவதற்கு ஏழைக்கும் விளங்குகிற இலக்கியம் துப்பறியும் கதை ஒன்றுதான் என்பது அவர் வாதம். அதே தொகுப்பில் வேலைக்காரப் பொடியன்கள் வாசிக்கும் மலிவுக் கதைகளுக்காகவும் பேசினார். பொடியன்கள் களவெடுத்தால் நீதவான்கள் அந்தப் புத்தகங்களைக் குற்றஞ்சாட்டுகிறார்கள், ஆனால் அந்தக் கதைகளில் நல்லவன் நல்லவனாகவும் கெட்டவன் கெட்டவனாகவும் இருக்கிறான், நன்மை தீமைக்கு வித்தியாசமே இல்லை என்று எழுதுகிறவர்கள் படித்த மேதாவிகள்தான் என்று திருப்பி அடித்தார்.

அவருடைய நாவல்கள் பகிடியும் குற்றமும் கலந்தவை. 'வியாழன் என்ற மனிதன்' 1908இல் வந்தது. குண்டு வைக்கிற ஒரு இரகசிய இயக்கத்துக்கு ஏழு பேர் கொண்ட மத்திய குழு. ஒவ்வொருவருக்கும் கிழமையின் பெயர். ஒரு பொலிஸ்காரன் வேஷம் போட்டு 'வியாழன்' ஆக உள்ளே போகிறான். போகப் போக மற்ற உறுப்பினர்களும் ஒவ்வொருவராகப் பொலிஸ்காரர்கள் என்று தெரியவருகிறது. தலைவர் 'ஞாயிறு' யார் என்பதுதான் கடைசி மர்மம். இங்குள்ளவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் புத்தகம் இது. இயக்கங்களையும் உளவாளிகளையும் தலையாட்டிகளையும் கண்ட எங்களுக்கு அது முழுப் பகிடியாகத் தோன்றாது. ஆனாலும் வாசிக்கலாம்.

பாதர் பிரவுனின் பிறப்புக்கு ஒரு உண்மையான ஆள் காரணம். யோர்க்‌ஷயரில் பணிபுரிந்த ஜோன் ஓகொனர் என்ற அயர்லாந்துப் பாதிரியார். 1904 அளவில் இருவரும் அறிமுகமாகி, கீத்லியில் இருந்து இல்க்லிக்கு மேட்டு வெளியால் நடந்துகொண்டு போனார்கள். வழியிலே ஏதோ ஒரு சமூகக் குற்றத்தைப் பற்றி செஸ்டர்டன் தன் கருத்தைச் சொல்ல, அந்தப் பாதிரியார் தனக்குத் தெரிந்த சில விஷயங்களைச் சாதாரணமாகச் சொன்னார். செஸ்டர்டன் அதிர்ந்துபோனார். இவ்வளவு கொடுமைகள் உலகத்தில் இருக்கிறதென்பதே அவருக்குத் தெரியாது. போன வீட்டிலே இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இருந்தார்கள். பாதிரியார் எழுந்துபோன பிறகு, நல்ல மனிதர், ஆனால் மடத்துக்குள் இருக்கிறவர்களுக்கு வெளியுலகத்தின் தீமை என்ன தெரியும் என்று கதைத்தார்கள். செஸ்டர்டனுக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. கிழமைக்குக் கிழமை கொலைகாரனும் கள்ளனும் வந்து முழங்காலில் நின்று பாவசங்கீர்த்தனம் சொல்லக் கேட்கிற ஒருவருக்கா தீமை தெரியாது?

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கத்தோலிக்கருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாசையூரிலோ குருநகரிலோ ஒரு சுவாமிக்குத் தெரியாத சங்கதி உண்டா!

அதனால் பாதர் பிரவுனின் முறை ஷெர்லொக் ஹோம்ஸின் முறைக்கு நேர்மாறு. ஹோம்ஸ் குற்றவாளியை வெளியே நின்று, சிகரட் சாம்பலையும் காலடியையும் வைத்து அளக்கிறார். பாதர் பிரவுன் குற்றவாளியின் மனதுக்குள் இறங்கி, நானே அந்தக் கொலையைச் செய்யக்கூடியவன் என்று உணர்கிற வரைக்கும் நினைத்துப் பார்க்கிறார். பிடித்த பிறகும் விலங்கு மாட்டுவதில் அவருக்கு அக்கறை குறைவு. பிளம்போவைக்கூட அவர் சிறைக்கு அனுப்பித் திருத்தவில்லை. இன்னொரு கதையில், இருட்டிலே மரத்தில் ஏறியிருக்கும் அவனோடு கீழே நின்று கதைத்துக் கதைத்தே திருத்துகிறார். பிறகு அவன் துப்பறிவாளனாகி அவருடைய உற்ற தோழனாகிறான். இன்னொரு கதையிலே கொலை செய்தவன் ஒரு பக்திமான். கோவில் கோபுரத்தின் உச்சியில் நின்று அடிக்கடி செபம் செய்து பழகியவன். உயரத்தில் இருந்து பார்க்க கீழே போகிற மனிதர் பூச்சி மாதிரித் தெரிகிறார்கள்; பூச்சியை நசுக்க நான் கடவுளின் கை என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறான். வானத்தில் கிபிர் வர பதுங்குகுழிக்குள் கிடந்தவர்கள் அந்தக் கதையை வாசித்துப் பார்க்கவேண்டும்.

இனி நான் தலைப்பில் சொன்ன தபால்காரனுக்கு வருகிறேன்.

1911ஆம் ஆண்டு முதலாவது தொகுப்பு வந்தது. 12 கதைகள். அதில் ஒரு கதை லண்டன் கம்டன் டவுனில் நடக்கிறது. ஒரு பணக்காரனுக்குக் கொலை மிரட்டல். அவன் வீட்டு வாசலைப் பார்த்துக்கொள்ள நாலு பேரை நிறுத்துகிறார்கள். காவலாளி, பொலிஸ்காரன், கூலிவேலைக்காரன், தெருவிலே கொட்டை சுட்டு விற்கிறவன். ஒருவரும் உள்ளே போகவில்லை, வெளியே வரவில்லை என்று நாலு பேரும் சத்தியம் செய்கிறார்கள். ஆனால் பனியிலே காலடி இருக்கிறது. பணக்காரனின் உடலும் காணாமல் போயிருக்கிறது. கொலைகாரன் தபால்காரன் உடுப்பில் நேராக முன்வாசலால் போய், உடலைத் தபால் பைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு அதே வாசலால் வெளியே வந்திருக்கிறான். நாலு பேரும் அவனைக் கண்டார்கள். ஆனால் அவனை ஒரு 'ஆள்' என்று கணக்கெடுக்கவில்லை.

அதற்கு முந்திய ஒரு கதையில் விஷயம் இன்னும் கூர்மை. பெரிய பணக்காரர்களின் மீன்பிடிச் சங்கம் ஒன்று வருஷாந்த விருந்து வைக்கிறது. விருந்துக்கென்றே வெள்ளியில் செய்து முத்துப் பதித்த கத்தியும் கரண்டியும். அவை களவு போகின்றன. பக்கத்து அறையில் இருந்து எழுதிக்கொண்டிருந்த பாதர் பிரவுனின் காதில் நடைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரே சப்பாத்து, ஆனால் இரண்டு விதமான நடை. கொஞ்ச நேரம் ஓட்டமும் நடையுமாகப் பரிசாரகனின் நடை, கொஞ்ச நேரம் ஆறுதலாக உலாவுகிற கனவானின் நடை. திருடன் கனவான்களுக்கு முன்னால் பரிசாரகனாகவும் பரிசாரகர்களுக்கு முன்னால் கனவானாகவும் நடந்து காட்டியிருக்கிறான். இரண்டு பேரின் உடுப்பும் ஒரே கறுப்புக் கோட்தான். பரிசாரகர் 15 பேரும் வரிசையாய் நின்றதை நான் கண்டேன் என்று ஒரு கனவான் சொல்கிறார். அன்று பின்னேரம் அவர்களில் ஒருவர் இறந்துபோயிருந்தார், ஆகவே இருக்கக்கூடியது 14. எண்ணிக்கை சரிவராதபோதுதான் உண்மை வெளிவருகிறது. கடைசியில் பொருட்கள் திரும்பக் கிடைத்தபிறகு அந்தக் கனவான்கள் எடுத்த முடிவு என்ன தெரியுமா? இனிமேல் எங்களைப் பரிசாரகர் என்று ஒருவரும் மாறி நினைக்காதபடி பச்சைக் கோட் போடுவோம் என்பது.

கோப்பை கழுவியும், இரவு இரண்டு மணிக்கு அலுவலகங்களில் நிலம் துடைத்தும், பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றும் இந்த நாட்டில் வாழ்க்கையைத் தொடங்கிய எங்கள் ஆட்களுக்கு இந்த இரண்டு கதைகளும் விளங்குவது மாதிரி கேம்பிரிட்ஜ் பேராசிரியருக்கு விளங்காது என்பது என் எண்ணம். ஒரு கட்டிடத்தில் மூன்று வருஷம் துப்புரவு வேலை செய்தவரை, அங்கே வேலை செய்கிறவர் ஒருவர் தெருவில் கண்டால் அடையாளம் தெரியாமல் போவார். காணவில்லை என்று அல்ல. கண்டும் எண்ணவில்லை.

செஸ்டர்டன் பாதர் பிரவுனைக் கொண்டு காசு உழைத்தார். ஆனால் அந்தக் காசு எங்கே போனது என்பதில்தான் அவருடைய வாழ்க்கையின் மற்றப் பக்கம் இருக்கிறது. தம்பி செசில் நடத்திய பத்திரிகை நட்டத்தில் ஓடியது. செசில் 1916இல் படையில் சேர்ந்தபோது அண்ணன் அதைத் தலையில் தூக்கினார். செசில் 1918இல் பிரான்சில் போர்க்கால ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். 1925இல் இருந்து தன் பெயரிலேயே வாராந்தப் பத்திரிகை நடத்தி அதற்கும் கைக்காசு போட்டார். வங்கியில் காசு குறைந்துவிட்டது என்று செயலாளர் சொன்னால், அப்படியென்றால் இன்னொரு பாதர் பிரவுன் எழுதவேண்டியதுதான் என்பாராம். கணக்காளராக இருந்தால் நான் அந்தப் பத்திரிகையை மூடச் சொல்லியிருப்பேன். மொத்தம் ஐந்து தொகுப்புகள், ஐம்பதுக்கு மேற்பட்ட கதைகள். கடைசித் தொகுப்பு 1935. பிந்தியவற்றில் சிலது அவசரத்தில் எழுதியது என்று பார்த்தவுடனே தெரியும்.

தம்பியின் பத்திரிகை 1912இல் மார்க்கோனி விவகாரத்தைக் கையில் எடுத்தது. சுருக்கமாகச் சொல்கிறேன். அரசாங்கம் கம்பியில்லாத் தந்தி நிலையங்கள் அமைக்க ஆங்கிலேய மார்க்கோனிக் கம்பனியோடு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், சட்டமா அதிபர் ரூபஸ் ஐசக்ஸும் நிதியமைச்சர் லொயிட் ஜோர்ஜும் அமெரிக்க மார்க்கோனிக் கம்பனியின் பங்குகளை வாங்கினார்கள். ஆங்கிலக் கம்பனியின் முகாமையாளர் ஐசக்ஸின் சொந்தச் சகோதரர். பாராளுமன்றத்தில் எழுந்து ஆங்கிலக் கம்பனியில் பங்கு இல்லை என்று மட்டும் சொல்லி, மற்றதைச் சொல்லாமல் விட்டார்கள். பிழை பிழைதான். ஆனால் செசில் எழுதியது பங்குக் கணக்கைப் பற்றி மட்டும் அல்ல, யூதர்கள் என்பதைப் பற்றி. லொயிட் ஜோர்ஜ் வேல்ஸ்காரர், யூதரல்ல. அவர் வாங்கிய பங்குக்கு அவருடைய இனத்தை யாரும் குற்றஞ்சாட்டவில்லை. செசிலுக்கு 1913இல் அவதூறு வழக்கில் 100 பவுண் தண்டம் விழுந்தது. அண்ணன் கடைசிவரை தம்பி பக்கம் நின்றார். ஐசக்ஸ் பிறகு ரீடிங் பிரபு என்ற பெயரில் 1921இல் இந்தியாவுக்கு வைஸ்ராயாகப் போனார்.

இங்கேதான் எனக்கு இந்த எழுத்தாளரோடு மனத்தாங்கல். செஸ்டர்டன் வாலிபராக இருந்தபோது கிழக்கு ஐரோப்பாவில் அடித்து விரட்டப்பட்ட யூதர்கள் கப்பல் கப்பலாக லண்டனுக்கு வந்து கிழக்குப் பகுதியில் தையல் வேலை செய்து சீவித்தார்கள். அவர்களை மறிக்கத்தான் 1905இல் அந்நியர் சட்டம் வந்தது. இன்று எங்களையும் எங்களுக்குப் பிறகு வந்தவர்களையும் மறிக்கிற சட்டங்களுக்கெல்லாம் அதுதான் மூத்த சகோதரம். தபால்காரனையும் பரிசாரகனையும் கண்ட செஸ்டர்டனுக்கு அந்தத் தையல்காரனைக் காண முடியவில்லை. 1920இல் வந்த எருசலேம் பயண நூலில், யூதர்கள் எந்தப் பதவியும் வகிக்கலாம், ஆனால் அராபியர் மாதிரி உடை உடுத்தவேண்டும், அப்போதுதான் அவர்கள் யார் என்பது எல்லாருக்கும் தெரியும் என்று பாதிப் பகிடியாகவும் பாதி நிசமாகவும் எழுதினார். அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு சோதனைச் சாவடியில் நின்றவர்களுக்கு இது எவ்வளவு பகிடி என்று நீங்களே சொல்லுங்கள். கதைகளிலும் இதன் நிழல் விழுந்திருக்கிறது. 1914 தொகுப்பில் ஒரு கதை கறுப்பினத்தவரைப் பற்றிச் சொல்கிற விதத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட எனக்கு மனம் வராது. இந்தியச் சந்நியாசி ஒருவர் வருகிற கதையிலும் சந்தேகம் அவர் மேல் விழுகிறது. கடைசியில் கொலைகாரன் வெள்ளைக்கார டொக்டர் என்பது ஒரு ஆறுதல்.

நியாயமாகச் சொல்வதானால், ஹிட்லர் வந்தபிறகு யூதர்களுக்கு நடக்கும் கொடுமையை அவர் பகிரங்கமாகக் கண்டித்தார். அவருக்குக் கத்தோலிக்கத் திருச்சபையில் புனிதர் பட்டம் கொடுக்கவேண்டும் என்று பலர் முயன்றார்கள். 2019இல் நோர்தாம்ப்டன் ஆயர் அந்த முயற்சியைத் தொடங்கி வைக்க மறுத்தார். அவர் சொன்ன காரணங்களில் யூதர் பற்றிய எழுத்தும் ஒன்று.

காந்தியோடு அவருக்கு இருக்கிற தொடர்பு பலருக்குத் தெரியாது. 1909ஆம் ஆண்டு காந்தி தென்னாபிரிக்க இந்தியர்களின் பிரச்சினையைப் பேச லண்டன் வந்து நின்றார். செப்டெம்பர் 18ஆம் திகதி செஸ்டர்டன் ஒரு வாரப் பத்திரிகையில் இந்தியத் தேசியவாதிகளைப் பற்றி எழுதினார். ஆங்கிலேயர் போகவேண்டும், ஆனால் ஆங்கிலேயரின் பாராளுமன்றமும் ஆங்கிலேயரின் நிறுவனங்களும் வேண்டும் என்று கேட்பதில் இந்தியத்தனமும் இல்லை, தேசியமும் இல்லை என்பது சாரம். காந்திக்கு அது பிடித்துப்போய், தன்னுடைய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகைக்கு அதைப் பற்றி எழுதினார். அதே நவம்பரில் கப்பலில் திரும்பும்போது 'இந்திய சுயராஜ்யம்' நூலைக் குஜராத்தியில் எழுதி முடித்தார். அந்தக் கட்டுரைதான் நூலுக்குக் காரணம் என்று அடித்துச் சொல்வது மிகை. காந்தி டோல்ஸ்டோயையும் ரஸ்கினையும் ஏற்கனவே வாசித்திருந்தார். ஆனால் ஒரு பொறி அங்கிருந்தும் விழுந்தது.

1922இல் செஸ்டர்டன் கத்தோலிக்கரானார். பெக்கன்ஸ்பீல்டில் அந்தச் சடங்குக்கு வந்தவர் வேறு யாருமில்லை, ஓகொனர் பாதிரியாரேதான். 1930இல் லண்டனில் துப்பறியும் எழுத்தாளர்கள் ஒரு சங்கம் அமைத்தபோது இவரையே முதல் தலைவராக்கினார்கள். அகதா கிறிஸ்டி, டொரத்தி செயர்ஸ் எல்லாரும் அதில் உறுப்பினர். தெய்வ அருளாலும் தற்செயலாலும் மர்மத்தை அவிழ்க்கமாட்டோம், வாசகருக்குத் துப்பை மறைக்கமாட்டோம் என்று சத்தியப்பிரமாணம் எடுப்பார்கள். பகிடிக்குச் செய்ததுதான், ஆனாலும் அதற்குள் ஒரு தொழில் நேர்மை இருக்கிறது. 1932இல் இருந்து பிபிசி வானொலியில் புத்தகங்களைப் பற்றிப் பேசினார். எழுதிக்கொண்டு போனதை அப்படியே வாசிக்காமல், வீட்டில் இருந்து கதைப்பது போலப் பேசுவார் என்பதால் நேயர்களுக்கு அவரை மிகவும் பிடித்தது. ஒலிவாங்கிக்கு முன்னால் இருக்கிற எங்களைப் போன்ற தொண்டர்கள் இதைக் கவனிக்கவேண்டும். 1936 ஜூன் 14ஆம் திகதி காலமானார்.

1954இல் அலெக் கின்னஸ் பாதர் பிரவுனாக நடித்தார். பிரான்சில் படப்பிடிப்பு நடந்த கிராமத்தில் அவர் அந்த உடுப்போடு நடந்து போக, ஒரு சின்னப் பொடியன் உண்மையான பாதிரியார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தானாம். இரண்டு வருஷத்தில் கின்னஸும் கத்தோலிக்கராகிவிட்டார். 2013இல் தொடங்கிய பிபிசி தொலைக்காட்சித் தொடரைத்தான் இளையவர்களுக்குத் தெரியும். நல்ல பொழுதுபோக்கு. ஆனால் கதைகள் அநேகமாகப் புதியவை, காலமும் 1950களுக்கு மாற்றப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஒரு கதை. 1911 தொகுப்பில் உள்ள 'முறிந்த வாள்'. இதைப் பற்றித்தான் அன்றைய பேச்சுக்குப் பிறகு கூடுதலான நேயர்கள் தொலைபேசியில் கேட்டார்கள்.

சென் கிளேயர் என்ற ஆங்கிலத் தளபதி பிரேசிலில் ஒரு போரில் இறந்துவிடுகிறார். அவர் ஒரு தேசிய வீரர். ஊருக்கு ஊர் அவருடைய சிலை. எதிரி அவரைச் சரணடைந்த பிறகு மரத்தில் தூக்கிவிட்டான் என்பது சரித்திரப் புத்தகம். பாதர் பிரவுனுக்கு இரண்டு விஷயங்கள் இடிக்கின்றன. அவ்வளவு புத்திசாலியான தளபதி ஏன் ஒரு முட்டாளும் செய்யாத தாக்குதலைச் செய்து தன் படையைப் பலிகொடுத்தார்? இரக்கமுள்ள எதிரித் தளபதி ஏன் கைதியைத் தூக்கிலிட்டார்? விடை பயங்கரமானது. தளபதி காசுக்காகத் துரோகம் செய்தவர். அதைக் கண்டுபிடித்த தன் அதிகாரி ஒருவரைத் தானே வாளால் குத்திக் கொன்றார். வாள் நுனி உடலுக்குள் முறிந்து நின்றுவிட்டது. இப்போது அந்த ஒரு உடலை எப்படி மறைப்பது? உடல்கள் குவிந்து கிடக்கும் இடத்தில் ஒரு உடலை யாரும் தேடமாட்டார்கள். அப்படி ஒரு இடம் இல்லாவிட்டால் அதை உண்டாக்கவேண்டும். 800 ஆங்கிலச் சிப்பாய்களை அந்த ஒரு உடலுக்கு மேலே விழுந்து சாக அனுப்பினார். தப்பி வந்த சிப்பாய்கள் உண்மையை ஊகித்து, தங்கள் தளபதியைத் தாங்களே மரத்தில் தூக்கிவிட்டு, நாட்டின் மானத்துக்காக அதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள்.

1911இல் ஒரு ஆங்கிலேயர் தன் நாட்டுத் தளபதியைப் பற்றி இப்படி எழுதினார் என்பதே எனக்கு ஆச்சரியம். முதலாம் உலகப்போருக்கு மூன்று வருஷத்துக்கு முன்னர். ஒரு இளம் நேயர் கேட்டார், 2009க்குப் பிறகு இதை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன் என்று. வெற்றித் தூண்களையும், தளபதிகளுக்குக் கொடுத்த பதக்கங்களையும், தோண்டவிடாத நிலத்தையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளை கேட்டது.

இன்னொருவர் கேட்டது எனக்கு அதைவிடக் கஷ்டமான கேள்வி. பாதர் பிரவுன் கடைசியில் என்ன செய்கிறார்? அவர் பேசாமல் இருக்கத் தீர்மானிக்கிறார். எந்தப் புத்தகத்திலாவது ஒரு குற்றமில்லாதவர் மேல் பழி விழுந்தால் வெளியே சொல்வேன், கெட்டவன் ஒருவனுக்கு வீண்புகழ் கிடைப்பது மட்டும் என்றால் சொல்லமாட்டேன் என்பது அவர் வைத்துக்கொண்ட நிபந்தனை. நானும் பிளம்போவும் மட்டும் அறிந்தது போதும் என்று விட்டுவிட்டு, அந்தத் தளபதியின் முறிந்த வாளையே பெயர்ப்பலகையாகத் தொங்கவிட்ட ஒரு சத்திரத்துக்குள் குளிருக்கு ஒதுங்கப் போகிறார்.

மற்றக் கதைகளில் பாதர் பிரவுனோடு எவ்வளவோ தூரம் கூடப் போகிற எனக்கு இந்த வாசலில் கால் நின்றுவிடுகிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது என்றால் வெளியே சொல்ல முடியாது, அது விளங்குகிறது. இது அப்படிக் கேட்டது அல்ல. பழி ஒருவர் மேலும் விழவில்லை என்று அவர் எப்படிச் சொல்லலாம்? எதிரித் தளபதியை விடுங்கள். அந்த 800 பேரும் வீரமான தோல்வி என்ற தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மார் சிலைக்கு முன்னால் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். எந்தப் பேரேட்டிலும் ஒரு பதிவு பிழையான தலைப்பில் கிடந்தால் அதைத் திருத்தாமல் கணக்கை மூட நான் கையெழுத்துப் போடமாட்டேன். அந்த இளம் நேயரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் தான் அந்தக் கதையைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். செஸ்டர்டன் இறந்து 70 வருஷம் கடந்ததால் 2006ஆம் ஆண்டு முடிவோடு இந்த நாட்டில் பதிப்புரிமை காலாவதியாகிவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.